பழைய வீடும் குடும்ப சரித்திரமும்

ஒரு குலத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் முதலில் நாடுவன கல்வெட்டுக்களும் செப்பேடுகளுமேயாம். அரசர்க்கும் ஆலயங்கட்கும் அவை மிகுதியாக உண்டு. உழுதுண்டு வாழ்ந்த குடும்பங்களிலோ மிகச் சிலவற்றுக்கே அத்தகைய சாசனம் உளது. ஏனையோர் விட்டுச் சென்ற பெருஞ்சாசனம் அவர்கள் கட்டிக் குடியிருந்த வீடேயாகும். இதனை நம்மவருட் பலர் உணராமையால் விளையும் நஷ்டம் பெரிது. மீட்க முடியாததும் ஆகும். ஆதலின் இவ்விஷயங் குறித்துச் சில கூறத் துணிந்தோம்.

நம் கொங்குநாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். வெளியே திண்ணை, அதனையடுத்து நடை, உள்ளே வானத்தை நோக்கித் திறந்த தொட்டி, அதனைச் சூழத் தாழ்வாரம், பெரியோரும் விருந்தினரும் அமரும் ஆசாரம், பின்னே சமையற்கட்டு, ஒருபுறம் தானிய அறை, அப்பால் மாட்டுத் தொழுவம். இவ்வமைப்பில் ஒவ்வொன்றும் ஒரு செய்தி கூறும். நம் நாடு மேற்குமலையின் மறைவில் இருத்தலின் மழை குறைந்தது. கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரி 25 அங்குல அளவே பெய்யும். ஒரு வருஷத்து விளைவைக் கொண்டு மறு வருஷத்து வறட்சியைக் கடக்க வேண்டியிருந்தமையால், கம்பும் சோளமும் ராகியும் சேமிக்கும் குதிர்களுக்கு வீட்டில் சிறந்த இடம் கொடுத்தனர். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை நூல்களிற் படிக்கிறோம். அத்தகைய பஞ்சத்துக்கு அஞ்சி வாழ்ந்தோர் மனத்தை அறிய வேண்டின், தானிய அறையின் கனத்த கதவைப் பார்த்தாற் போதும்.

கூரையும் காலத்தைக் காட்டும். பண்டைய வீடுகள் ஊர்க்குயவர் செய்த நாட்டோடு வேய்ந்தவை. மங்களூரில் பாஸல் மிஷனார் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினர். போத்தனூருக்கு 1862-இலும் கோயமுத்தூருக்கு 1873-இலும் இருப்புப்பாதை வந்தது. ஆதலின் மங்களூர் ஓடு வேய்ந்த கூரை அக்காலத்துக்குப் பிற்பட்டதென்று துணியலாம். சுவர் பழையதாயும் ஓடு புதியதாயும் இருப்பின், அக்குடும்பம் எக்காலத்தில் வீட்டைப் புதுக்கியது என்பதும் ஒருவாறு புலப்படும்.

இனி, வீட்டினுள் இருந்த ஏடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருச்செங்கோடு முத்துசாமிக் கோனார் 1934-இல் ‘கொங்குநாடு’ என்னும் நூலை வெளியிட்டார். பிற்காலத்தில் ஈரோட்டுப் புலவர் செ. இராசு ஊர் ஊராகச் சென்று பட்டயங்களையும் ஓலைகளையும் தேடிப் பதிப்பித்தார். இவ்வகைத் தேட்டங்களுக்குப் பரணும் மரப்பெட்டியும் உள்ள பழைய வீடுகளே பெரிதும் துணையாவன. வீட்டை இடிக்கும் நாளில், கதவுக்கும் தூணுக்கும் விலை பேசுவோர் பலர். பரண்மேற் கிடந்த ஓலைக்கட்டை எடுத்து வைப்போர் ஒருவரும் இலர். அது குப்பையோடு குப்பையாய்ப் போய்விடுகிறது.

வீடு அழிந்தபின் நினைவு படும் பாட்டுக்கு ஓடாநிலை சாட்சி. தீரன் சின்னமலை அங்கே கோட்டை கட்டியிருந்து கும்பினியாரோடு பொருதார். 1805-ஆம் வருஷம் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். அவர் கோட்டையையும் பகைவர் தகர்த்தனர். இன்று அங்கே சென்று வணங்குவோர் காண்பது, பிற்காலத்தில் அரசாங்கத்தார் எழுப்பிய மணிமண்டபமேயன்றி அவர் நடமாடிய இல்லமன்று. அங்கே இடித்தவர் பகைவர்; நம் ஊர்களிலோ நாமே இடிக்கின்றோம்.

இதற்கு மறுதலையாகப் பழையகோட்டையைக் கூறலாம். அவ்வூர்ப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் காங்கயம் இனத்து மாடுகளைத் தேர்ந்து பெருக்கியமையைக் கால்நடை நூலார் சிறப்பித்துப் பேசுவர். அத்தகைய தொண்டு இரண்டொரு வருஷத்தில் முடிவதன்று. வீடும் தொழுவமும், கிளுவை வேலி சூழ்ந்து கொழுக்கட்டைப்புல் வளரும் கொறங்காடும் சிதறாது நின்றாலன்றித் தலைமுறைதோறும் அவ்வறிவு கைமாறாது.

பட்டக்காரர் இல்லங்களின் பெருமையை நாடறியும். பெயரறியாக் குடியானவர் வீடுகளின் கதி என்ன? கணபதியை நோக்குக. சத்தியமங்கலம் சாலையில் தோட்டமும் கிணறுமாய் இருந்த கிராமம் அது. கோயமுத்தூர் 1981-இல் மாநகராட்சியானபோது அதனுள் அடங்கிற்று. பட்டறைகளும் கடைகளும் மாடிகளும் பெருகின. நிலத்தின் விலை ஏற ஏற, வீட்டின் விலை ஒன்றுமில்லையென்றாயிற்று. நகரம் வளர்தல் குற்றமன்று. அதனால் நம் மக்கள் கல்வியும் பிழைப்பும் பெற்றனர். ஆயினும் அங்கே பிறக்கும் குழந்தைக்கு, தன் முன்னோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று காட்ட ஒரு திண்ணையேனும் எஞ்ச வேண்டாவா?

பாகப்பிரிவினையே இவ்வழிவுக்குக் காரணம் என்பர் சிலர். அதிலும் பெண்மக்களின் உரிமையைப் பழிப்பர். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, ஆண்வாரிசுகள் பிரித்துக்கொள்ள இசையும்வரை பெண்வாரிசு குடியிருப்பு வீட்டில் பாகம் பிரித்துக் கேட்பதைத் தடுத்திருந்தது. 2005-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் அப்பிரிவு நீங்கிற்று. இத்திருத்தத்தின்மேற் பழி சுமத்துதல் நியாயமன்று. ஆண்மக்கள் மாத்திரம் பங்கிட்ட காலத்திலும் தொட்டியின் நடுவே சுவர் எழுந்ததை யாரும் மறுக்கவியலாது. பிறந்த வீட்டை நினைந்து உருகுவோர் பெண்மக்களே. அவர்களையும் சேர்த்து யோசனை கேட்பின், பல வீடுகள் பிழைக்கும்.

வீட்டைப் போற்றுவோர் அதன் முழுச் சரித்திரத்தையும் போற்றுதல் வேண்டும். தூணை இழைத்த தச்சரும், காரை அரைத்த கொத்தரும், ஓடு சுட்ட குயவரும் அதிற் பங்குடையர். அப்பண்ணைக்கு உழைத்துவிட்டு, திண்ணையேறவும் அனுமதியின்றி வாசலில் நின்றவர்களும் இருந்தனர். அதனை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது.

ஆகவே நம் அங்கத்தினர்க்குச் சில விண்ணப்பங்கள். வீட்டை வைத்துக் காக்க வசதியுள்ளோர், அதனைப் பொதுவில் நிறுத்திச் செலவைப் பங்கிட்டுக்கொள்ள எழுத்து மூலம் உடன்படுக. சுண்ணாம்புக் காரைச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பழுது பார்க்க. சிமிட்டி பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் கெடும். காக்க இயலாதோர் மேல் குற்றமில்லை. ஆயினும் இடிக்குமுன் வீட்டை அளந்து படம் வரைக, புகைப்படம் எடுக்க, எந்த அறை எதற்கு வழங்கிற்று என்பதை வயது முதிர்ந்தோரிடம் கேட்டு எழுதுக, ஓலையும் பத்திரமும் கணக்கேடும் கிடைப்பின் கற்றோரிடம் காட்டுக.

இதற்கு வேண்டுவது பெரும்பொருளன்று. இரண்டு நாள் உழைப்பும் ஒரு நோட்டுப்புத்தகமுமே. அதனைச் சொல்லத்தக்க முதியோர் நம்மிடையே இருக்கும்போதே செய்வோமாக.