அறிவிப்புப் பலகையும் செக்ரோலும்

தோட்டத்துக் கிராணிமாருக்கு இருவகை எழுத்து பழக்கம். ஒன்று ஆபீஸ் சுவரில் தொங்கும் அறிவிப்புப் பலகை. மற்றொன்று மேசைமேல் கிடக்கும் செக்ரோல். பலகையில் நேற்று எழுதியதை இன்று துடைத்துவிடலாம். நேற்று அங்கு யாது இருந்ததென எவரும் அறியார். செக்ரோலிலோ, காலைப் பிரட்டில் நின்றவன் பெயருக்கு நேரே அன்றைய தேதியில் இட்ட குறி அப்படியே நிற்கும். சில ஆண்டுகளுக்கு முன் மூதாட்டி ஒருவர், தம் தந்தையார் எந்த ஆண்டு முதல் இங்கே மரம் வெட்டினார் என்று கேட்டுக்கொண்டு நம்மிடம் வந்தார். தோட்டத்தின் பெருமையைப் பேசும் அச்சுப் பிரசுரம் துரைமார் பெயர்களைச் சொல்லிற்றேயன்றி அவர் தந்தையைப் பற்றி வாய் திறக்கவில்லை. கரையான் அரித்த பழைய செக்ரோல் ஒன்றுதான் விடை தந்தது.

இணையதளம் என்பது யாது, வலைப்பதிவு என்பது யாது, இரண்டும் கணினியில் தோன்றுவனதாமே என்று நண்பர் ஒருவர் வினவியபோது, நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் செக்ரோலே.

வலைப்பதிவும் இணையதளத்தில் ஒரு வகையே என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் அமைத்த முதல் தளம் 1991ஆம் ஆண்டில் வெளியுலகிற்குத் திறக்கப்பட்டது. அதுவும் அதன்பின் எழுந்த பெரும்பாலான தளங்களும் பலகையை ஒத்தவை. ஒரு பொருளைப் பற்றிய செய்தி ஒரு பக்கத்தில் நிற்கும். செய்தி மாறினால் அப்பக்கமே மாற்றி எழுதப்படும். இதில் குறையொன்றுமில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் உழைப்பால், 1995ஆம் ஆண்டு அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கிவைத்த கவிதைத் தளத்தில் தமிழ் எழுத்துகள் இணையத்தில் ஏறின. அஃது ஒரு தொகை நூல். தொகை நூலுக்கு நாள்தோறும் புதுப் பக்கம் வேண்டுவதில்லை.

வலைப்பதிவின் வழி வேறு. 1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் என்னும் அமெரிக்கர், தாம் இணையத்தில் அன்றன்று படித்தவற்றை வரிசையாகக் குறித்து வைத்த பக்கத்திற்கு ‘வெப்லாக்’ என்று பெயரிட்டார். ‘லாக்’ என்பது மாலுமிகளின் சொல். முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைநழுவிப் போயின என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை முன்னாளில் கணித்தனர். அக்கணக்கைத் தேதியிட்டு எழுதிவைத்த ஏட்டிற்கும் கட்டையின் பெயரே ஆயிற்று. கப்பலின் வேகத்தை இன்றும் முடிச்சுக் கணக்கிலேயே சொல்லுகின்றனர்! 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அச்சொல்லை விளையாட்டாகப் பிளந்து, ‘வீ பிளாக்’ என்றே இனி உச்சரிப்பதாகத் தம் பக்கத்தின் ஓரத்தில் எழுதினார். ‘வீ’ என்றால் ‘நாம்’. விளையாட்டுப் பெயரே உலகில் நிலைத்துவிட்டது.

அதே 1999ஆம் ஆண்டில் பைரா லேப்ஸ் என்னும் சிறு கம்பெனி ‘பிளாகர்’ என்ற கருவியை வெளியிட்டது. அதுகாறும் ஒரு பக்கம் அமைக்கப் பெரும்பாலும் குறிமொழி கற்றிருத்தல் வேண்டும். பிளாகர் வந்தபின், பெட்டியில் எழுதிப் பொத்தானை அழுத்தினால் போதும். தேதி தானே விழும், புதியது மேலே ஏறும், பழையது கீழே இறங்கும். இக்கம்பெனியை 2003இல் கூகுள் வாங்கிற்று. ஒவ்வொரு பதிவிற்கும் நிலையான தனி முகவரி, படித்தவர் மறுமொழி எழுத அடியில் இடம் ஆகியனவும் அவ்வாண்டுகளில் வழக்கமாயின. செக்ரோலில் கூலிக்காரன் மறுமொழி எழுத இடமில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

தேதியிட்டதெல்லாம் மெய்யோவெனின், அன்று. பழைய பதிவையும் எவருமறியாது திருத்த இயலும்; கருவி தடுக்காது. ஆயினும் தவற்றை அழிக்காமல் குறுக்கே கோடிட்டு அதன் அருகே திருத்தத்தை எழுதுவது நல்ல பதிவர்களின் வழக்கமாயிற்று. கணக்கேட்டைச் சுரண்டி எழுதிய கிராணியை எந்தத் துரை நம்புவார்?

தமிழில் 2003ஐ ஒட்டி வலைப்பதிவுகள் பெருகின. யூனிகோடு எழுத்துமுறை பரவியமையே இதற்குப் பெருந்துணை. 2004இல் எழுந்த ‘தமிழ்மணம்’ திரட்டி, பலரும் அன்றன்று எழுதியவற்றை ஒரே இடத்தில் காட்டிற்று. பதிவுகள்தோறும் தேதி இருந்தமையாலன்றோ அது கைகூடியது? தேதியற்ற பக்கங்களைத் திரட்டி அடுக்குவது எங்ஙனம்?

மூதாட்டியாரின் கதையை நடுவில் விட்டுவிட்டோம். தந்தையார் பெயர் முதலில் ஏறிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தோம். உடன் வந்த பேரன் அன்றிரவே அதைத் தன் வலைப்பதிவில் ஏற்றினான். நான்கு நாள் சென்று அயல் தோட்டத்தார் ஒருவர் அதன் அடியில், தம் பாட்டனாரும் அதே பிரட்டில் நின்றவர் என்று எழுதி, அவர் பெயர் எந்த ஏட்டில் இருக்கும் என்று கேட்டிருந்தார். அவருக்காக நாம் மறுபடியும் அலமாரியைத் திறந்தோம்.