ரிச்சர்ட் அட்டன்பரோ

ரிச்சர்ட் அட்டன்பரோ (1923–2014) பிரிட்டிஷ் திரைப்பட இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர். கேம்பிரிட்ஜில் பிறந்து, தந்தை கல்லூரி முதல்வராக இருந்த லெஸ்டரில் வளர்ந்தார். இயற்கை ஆவணப்படங்களால் உலகறிந்த டேவிட் அட்டன்பரோ இவருடைய தம்பி.

திரையில் முதலில் தோன்றியது 'இன் விச் வி சர்வ்' (1942) படத்தில். சண்டைக்கு நடுவே பயந்து இடத்தை விட்டு ஓடும் மாலுமி வேடம். 'பிரைட்டன் ராக்' (1947) படத்தின் இளம் ரவுடி பிங்கி புகழைத் தந்தான். 1952இல் அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்ட்ராப்' நாடகத்தில் மனைவி ஷீலா சிம்முடன் நடித்தார். சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, நாடகத்தின் லாபத்தில் பத்து சதவீதப் பங்கு வாங்கிக்கொண்டார்கள். அந்த நாடகம் பல பத்தாண்டுகள் ஓடும் என்று அன்று யார் கண்டார்கள்?

1962இல் லண்டன் இந்தியத் தூதரகத்தில் பணிபுரிந்த மோதிலால் கோத்தாரி, காந்தியைப் பற்றிப் படமெடுக்க வேண்டும் என்று இவரை அணுகினார். அதுவரை அட்டன்பரோ ஒரு படம்கூட இயக்கியதில்லை. லூயி ஃபிஷர் எழுதிய காந்தி வரலாற்றைப் படித்ததும் சம்மதித்துவிட்டார். நேருவையும் சந்தித்தார். ஆனால் பணம் போட ஆளில்லை. அதற்குள் வேறு படங்கள் வந்தன. முதலாவது 'ஓ! வாட் எ லவ்லி வார்' (1969): முதல் உலகப் போரைச் சிப்பாய்களின் பாட்டுகளிலேயே சொல்லும் படம். அதன் கடைசிக் காட்சியில் கேமரா விலக விலக, புல்வெளியெங்கும் ஆயிரக்கணக்கான வெள்ளைச் சிலுவைகள் விரிகின்றன. கூட்டத்தைக் காட்சியாக்கும் கலை இவருக்கு அப்போதே கைவந்திருந்தது. 'யங் வின்ஸ்டன்' (1972), 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' (1977) அடுத்து வந்தன. அதே 1977இல் சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில் ஜெனரல் அவுட்ராமாக நடித்தார்.

'காந்தி' (1982) உருவாக மவுஸ்ட்ராப் பங்கையும் விற்க வேண்டியிருந்தது. இந்தியாவின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமும் முதலீடு செய்தது. அரசுப் பணம் வெளிநாட்டவருக்கா என்ற எதிர்ப்பும் கிளம்பியது. காந்தியின் இறுதி ஊர்வலக் காட்சி 1981 ஜனவரி 31 அன்று, உண்மையான ஊர்வலம் நடந்த அதே தேதியில், டெல்லியில் படமாக்கப்பட்டது. சுமார் 3 லட்சம் பேர் கூடினார்கள். திரையில் வருவதோ இரண்டு நிமிடம்தான். படம் எட்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. ஆடை வடிவமைப்புக்கான விருதைப் பகிர்ந்துகொண்ட பானு அதையா, ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியர். குறைகளும் உண்டு: ஜின்னா ஒரே வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறார், அம்பேத்கர் படத்திலேயே இல்லை.

பின்னர் வந்தவற்றில், தென்னாப்பிரிக்க நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவின் கொலையைப் பேசும் 'க்ரை ஃப்ரீடம்' (1987), 'சாப்ளின்' (1992) இரண்டும் பேசப்பட்டாலும், சத்தமில்லாத 'ஷேடோலேண்ட்ஸ்' (1993) தான் இவருடைய நுட்பமான படம். நடிகராக இருந்தவருக்கு முகங்களோடு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. 'காந்தி'யிடம் ஆஸ்கரில் தோற்ற 'ஈ.டி.'யின் இயக்குநர் ஸ்பீல்பெர்க், நடிப்பை விட்டு விலகியிருந்தவரைத் தேடிவந்து 'ஜுராசிக் பார்க்' (1993) படத்தின் பூங்கா முதலாளி ஆக்கினார். அதே ஆண்டில் பிரபுக்கள் அவை உறுப்பினரானார். கடைசியாக இயக்கியது 'க்ளோசிங் தி ரிங்' (2007).