பள்ளிப் பையில் கைத்தொலைபேசி: சிங்கப்பூர் கடந்து வந்த பாதை

மாணவர்கள் பள்ளிக்குக் கைத்தொலைபேசி கொண்டு வரலாமா, கூடாதா? சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. கேள்வி மாறவில்லை, பதில்தான் காலத்துக்கு ஏற்ப மாறியிருக்கிறது. அது ஏன் மாறியது என்பதைத் தெரிந்துகொண்டால், இன்றைய கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் பயன் உண்டு.

கைத்தொலைபேசி வருவதற்கு முன்பும் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வீட்டோடு பேசத்தான் செய்தார்கள். பொதுத் தொலைபேசியில் 10 காசு போட்டு, "அம்மா, இன்று நேரமாகும்" என்று சொன்னால் போதும். 1990களில் பேஜர் பரவியது. அதில் எண் வந்தால், திருப்பி அழைக்க மீண்டும் பொதுத் தொலைபேசியைத் தேடி ஓட வேண்டும். 1997ல் எம்1 நிறுவனம் சேவையைத் தொடங்கி, சிங்டெல்லுக்குப் போட்டி வந்த பிறகு, கைத்தொலைபேசி சாதாரணக் குடும்பங்களையும் எட்டியது.

அப்போது பல பள்ளிகள் காலை, மதியம் என இரு வேளைகளாக நடந்தன. மதியப் பள்ளி முடிந்து பிள்ளை வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீடுகளில் அந்த நேரம் கவலைக்குரிய நேரம். பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுத்தது பெரும்பாலும் அந்தக் கவலைதான்.

பின்னர் தொலைபேசியில் கேமரா வந்தது. 2003ல் தொடக்கக்கல்லூரி ஒன்றில் ஆசிரியர் ஒருவர் மாணவரைக் கடுமையாகத் திட்டி, அவருடைய தாளைக் கிழித்த காட்சி பதிவாகி இணையத்தில் பரவியது. வகுப்பறையில் இரகசியமாகப் படம் பிடிப்பது ஒழுங்கீனம் அல்லவா? அதே சமயம், படம் பிடிக்காமல் இருந்திருந்தால் அது வெளியே தெரிந்திருக்குமா? இரண்டுமே நியாயமான கேள்விகள். தொலைபேசி பேசுவதற்கு மட்டுமல்ல என்பது அன்று எல்லாருக்கும் புரிந்தது.

கல்வி அமைச்சு அக்காலத்தில் நாடு முழுவதற்கும் ஒரே தடையை விதிக்கவில்லை. விதிகளைப் பள்ளிகளே வகுத்தன. பறிமுதல் செய்த பள்ளிகளும் உண்டு. இடைவேளையில் அனுமதித்த பள்ளிகளும் உண்டு.

2008ல் ஐஃபோன் சிங்கப்பூருக்கு வந்தது. அதன் பிறகு திறன்பேசி விளையாட்டுத் திடலாகவும் திரையரங்காகவும் நண்பர் கூட்டமாகவும் பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் புகுந்தது. 2020 ஏப்ரல் 8ல் கொவிட்-19 காரணமாக எல்லாப் பள்ளிகளும் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது, திரை இல்லாமல் பாடமே இல்லை என்ற நிலை ஏற்பட்டது. 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிநபர் கற்றல் சாதனம் கிடைத்தது.

திரையைக் கொடுத்த அதே அமைச்சு இப்போது திறன்பேசியைத் தள்ளி வைக்கச் சொல்கிறது. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளி நேரத்தில் திறன்பேசியையோ திறன் கைக்கடிகாரத்தையோ பயன்படுத்தக் கூடாது. இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை, துணை வகுப்புகள் எல்லாம் இதில் அடங்கும். அவற்றைப் பள்ளி ஒதுக்கிய இடத்திலோ பையிலோ வைக்க வேண்டும். தேவைப்படும்போது பள்ளி விலக்கு அளிக்கலாம். கற்றல் சாதனங்களின் உறக்க நேரமும் இரவு 11 மணியிலிருந்து 10.30க்கு முன்னே கொண்டுவரப்பட்டுள்ளது.

இது முரண்பாடா? இல்லை. கற்றல் சாதனத்தில் என்ன பார்க்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதைப் பள்ளியும் பெற்றோரும் கட்டுப்படுத்த முடியும். திறன்பேசியில் அந்தக் கடிவாளம் பல வீடுகளில் இல்லை. மேலும், இடைவேளையில் கீழே குனிந்திருக்கும் பிள்ளைக்கு எதிரே அமர்ந்திருக்கும் நண்பனின் முகம் தெரிவதில்லை.

ஆனால் பெற்றோரின் பழைய கவலையும் பொய்யல்ல. பொதுத் தொலைபேசி இருந்த காலத்தில், பிள்ளை வீட்டை அழைக்கப் பள்ளியிலேயே ஒரு வழி இருந்தது. தொலைபேசியைப் பைக்குள் வைக்கச் சொல்லும் பள்ளி, அவசரத்துக்கு அலுவலகத் தொலைபேசியைத் தயக்கமின்றிப் பயன்படுத்த விட வேண்டும். பெற்றோரும் பாடவேளையில் பிள்ளைக்குக் குறுந்தகவல் அனுப்பும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். இந்த இரண்டும் நடந்தால்தான் பிள்ளைகள் இந்த விதியை நியாயமானது என்று ஏற்பார்கள்.