சாரம் போன தண்ணீர்



கடையத்தில் நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, பாபநாசத்தில் தண்ணீரிலிருந்து மின்சாரத்தை எடுத்துவிடுகிறார்களே; சாரம் போன தண்ணீரில் நெல் விளையுமா?" என்று வினவினான். வகுப்பு முழுதும் நகைத்தது. எனக்கு நகைப்பு வரவில்லை. மின்சாரம் என்ற சொல்லிலேயே சாரம் இருக்கிறதல்லவா? அந்த ஐயம் அவனுடைய பாட்டனாருடையது என்று பின்னர் அறிந்தேன்.

உயரத்திலிருந்து குழாய் வழியே விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் மின்னாக்கியைச் சுழற்றுகிறது. நீர் இழப்பது தன் உயரத்தைத்தான். சத்து எதனையும் அன்று. அதே நீர் நதியுண்ணிக் கால்வாயிலும் கன்னடியன் கால்வாயிலும் பாய்ந்து வயலை விளைவிக்கிறது. இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். ஆயினும் பாட்டனாரிடம் கொண்டுபோய்க் காட்ட ஒரு புத்தகம் வேண்டும் என்று பையன் பிடிவாதம் செய்தான்.

இங்கேதான் வரலாறு குறுக்கிடுகிறது. தாமிரபரணியின் விசையை நம்பியே 1880களில் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை நிறுவினர். 1932இல் பைக்காராவிலும், 1937இல் மேட்டூரிலும், 1944இல் பாபநாசத்திலும் நீர் மின்சாரம் பிறந்தது. அதன்பின் கிணற்றுக் கமலையின் இடத்தில் பம்புசெட்டும், உரலின் இடத்தில் அரிசி ஆலையும் வந்தன. இவ்வளவு பெரிய மாறுதலைச் சிறுவர்க்குத் தமிழில் விளக்கும் நூல்களோ மிகச் சிலவே.

அக்குறையைப் போக்க முன்வந்தவர்களுள் நம் நெல்லைச் சீமையைச் சேர்ந்த பெ. நா. அப்புசாமி தலைசிறந்தவர். 1891இல் பெருங்குளத்தில் பிறந்தவர், தொழிலால் வழக்கறிஞர். 1986இல் மறையும் வரை எளிய தமிழில் அறிவியல் எழுதினார். விஞ்ஞானியல்லாத ஒருவர் எழுதியது நன்மையே என்பது என் கருத்து. வாசகனுக்கு எங்கே தடுக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1946இல் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தையும், அதன்பின் 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் வெளியிட்டது. பள்ளி அலமாரியிலிருந்த அத்தொகுதிகளுள் ஒன்றையே பையனிடம் கொடுத்தனுப்பினேன். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது. ஓரங்களில் வெற்றிலைக் கறை. பாட்டனார் படிக்கச் சொல்லிக் கேட்டார் போலும்!

நிற்க. செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்றை நம்பி, நம் வட்டாரத்தில் இன்று காற்றாலைகள் நிற்கின்றன. "அவை காற்றை இழுத்துக்கொள்வதால் மழை குறையாதா?" என்று அண்மையில் ஒரு சிறுமி என்னைக் கேட்டாள். காற்றின் ஆற்றலில் ஏறத்தாழ 59 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் கவர இயலாது என்று பெட்ஸ் என்னும் ஜெர்மானியர் 1920இல் நிறுவினார். பாரதியார் கடையத்தைவிட்டுச் சென்னைக்குச் சென்ற ஆண்டு அது. காற்றாலையின் பின்னே தளர்ந்த காற்றும், மேலும் பக்கத்தும் வீசும் காற்றோடு கலந்து சிறிது தொலைவில் மீண்டும் வேகம் பெறுகிறது. மழை மேகங்களோ அதன் இறக்கைக்கு வெகு உயரத்தில் செல்கின்றன. இவ்வளவும் சொன்னேன்.

"இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, தாத்தா?" என்றாள். அவள் வயதுக்கேற்ற தமிழ் நூலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.