மெத்தையடியில் ஒரு பெட்டகம்

நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் மெத்தை உறங்குவதற்கு மட்டும் அமைந்த பொருளாக இருந்ததில்லை. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. தொழிற்சாலைகளுக்குச் சென்ற நம் தந்தையர், காற்சட்டையை மடிப்புக் குலையாமல் அதனடியில் விரித்து, அதன்மேல் படுத்துறங்கிக் காலையில் எடுத்து அணிந்தனர். இஸ்திரிப் பெட்டிக்குக் கரிச் செலவு மிச்சம். பிள்ளை பெற்றவள் படுக்கையின் கீழ் இரும்புத் துண்டு இருந்தது. கனவு கண்டு அலறும் குழந்தையின் தலைமாட்டில் வேப்பிலை இருந்தது. ரேஷன் கார்டும் ஊர்க் கடிதங்களும் அங்கேதான். இவையெல்லாம் வீட்டார் அனைவரும் அறிந்தவை. ஒருவர் மட்டுமே அறிந்த பொருளொன்றும் அங்கு இருந்தது. அதைப் பற்றியே இம்மலரில் சிறிது கூற விழைகிறோம். அதன் பெயர் சிறுவாடு.

வீட்டுச் செலவுக்கென்று கணவர் கொடுத்த பணத்தில், பால் கணக்கிலும் காய்கறியிலும் காலணா அரையணாவாக மிச்சம் பிடித்து, இல்லத்தரசி தனக்கெனச் சேர்த்த தொகையே சிறுவாடு. ஊரில் இருந்தவரை அது அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் கிடந்தது. அங்கே பாய்தான் படுக்கை. விடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்தும் பாயின் கீழ் எதை ஒளிப்பது? பெங்களூரின் மார்கழிக் குளிரோ நம்மவரைத் தரையிலிருந்து எழுப்பிக் கட்டிலில் ஏற்றிவிட்டது. இலவம்பஞ்சு மெத்தை வந்தது. சிறுவாடும் சமையலறையை விட்டுக் குடிபெயர்ந்தது என்றே நாம் கருதுகிறோம்.

பாங்கு இல்லாத ஊரா இது? இல்லை. கண்டோன்மெண்டில் சென்னை பாங்கு 1864லேயே கிளை திறந்தது. தபாலாபீசுச் சேமிப்பு 1882ல் தொடங்கிற்று. விசுவேசுவரய்யா திவானாக இருந்தபோது, 1913ல், மைசூர் பாங்கு தோன்றியது. இத்தனை இருந்தும் பணத்தை மெத்தையடியில் வைப்பது பேதைமை என்று படித்தவர்கள் நகைத்தார்கள். அந்நாளைய பாங்குகளின் வரலாற்றை அவர்கள் சற்றுப் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

1906 அக்டோபர் 22ஆம் நாள் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. கவர்னர்களோடு விருந்துண்ட வெள்ளைக்காரக் கம்பெனி அது; அதைவிடப் பத்திரமான இடம் தென்னாட்டில் இல்லை என்று நம்பிப் பணம் வைத்தவர் பலர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். வைத்தவர் பணம் திரும்பியதா என்பது வேறு கதை. அந்த அழிவிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907ல் இந்தியன் பாங்கு பிறந்தது. நன்மையே, ஆயினும் அடிபட்டவர்க்கு அது ஆறுதலாகுமா? 1938ல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு வீழ்ந்தது. 1960ல் பாலை சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டது. அதன் பிறகே வைப்புத் தொகைக்குக் காப்புறுதி என்னும் ஏற்பாடு நம் நாட்டில் வந்தது, 1962 ஜனவரி முதல் நாளன்று. அதுவும் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை மட்டுமே. நம் நகரிலேயே, 2020 ஜனவரியில், கூட்டுறவு பாங்கு ஒன்றில் பணம் போட்டவர் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்று ரிசர்வ் பாங்கு தடை விதித்தது. அடுத்த மாதம் காப்புத் தொகை ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்தப்பட்டது.

பாங்கின் மீதுள்ள அச்சம் ஒரு பாதிதான். மறு பாதி, பணம் யாருடையது என்பது. மணமான பெண்ணின் ஊதியமும் அதிலிருந்து சேர்த்ததும் அவளுக்கே உரியவை என்று 1874ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று; ஆனால் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பௌத்தர், சீக்கியர், சமணர்க்கும் அது பொருந்தாது என்று அதே சட்டம் விலக்கியும் விட்டது! 1933ல் மைசூர் அரசு இந்துப் பெண்டிரின் சொத்துரிமையை விரிவாக்கிச் சட்டம் இயற்றியது. நம்மவர் மிகுதியாக வாழ்ந்த அல்சூரும், அன்று பிளாக்பள்ளி எனப்பட்ட சிவாஜி நகரும் 1947 வரை பிரிட்டிஷார் ஆளுகையில் இருந்த கண்டோன்மெண்டைச் சேர்ந்தவை. மகாராஜாவின் சட்டம் அங்குத் தானாகச் செல்லாது. பாங்கிலே கணக்குத் திறப்பதென்றால் கையெழுத்து வேண்டும், வெளியே போக வேண்டும், கணவரிடம் கூற வேண்டும். மெத்தை எவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று சர்க்கார் அறிவித்தது. 1978 ஜனவரியில் 1,000, 5,000, 10,000. இரண்டும் நம் வீடுகளைத் தீண்டாமல் சென்றன. அத்தகைய நோட்டை நம் தாய்மார் எங்கே கண்டார்கள்? 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு வந்த அறிவிப்பு அப்படிப்பட்டதன்று. அப்போது நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு எண்பத்தாறு பங்கு 500, 1,000 ரூபாய் நோட்டுகளாகவே இருந்தது.

மறுநாட் காலை எம் இல்லத்தில், எழுபத்தெட்டு வயதான எம் அன்னையார் மெத்தையின் சுவரோர மூலையைத் தூக்கி, பழம்புடைவைத் துணியில் சுற்றிய பொட்டலமொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். நாற்பத்தாறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். பேத்தி பிறந்த ஆண்டிலிருந்து அவள் திருமணத்துக்கென்று சேர்த்தது. ஒரு காசும் குறையாமல் பாங்கில் ஏற்றுக்கொள்வார்கள் என்று எவ்வளவோ எடுத்துக் கூறினோம். அவர் முகம் தெளியவில்லை. "எல்லார்க்கும் தெரிஞ்சு போச்சே" என்றார். அந்த வாரம் பல வீடுகளில் இவ்வாறு பொட்டலங்கள் வெளிவந்தன. சில வீடுகளில் கணவன்மார் வியந்தனர். சில வீடுகளில் கணக்குக் கேட்டனர் என்றும் கேள்வியுற்றோம்.

இல்லத்தரசியர் போடும் இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான தொகையைத் துருவி ஆராய்வதில்லை என்று சர்க்கார் கூறியிருந்தது. ஆயினும் 2,11,500 ரூபாய் போட்ட ஓர் அம்மையார்மீது வரி விதிக்கப்பட, வழக்கு ஆக்ராவிலுள்ள வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை சென்றது. குடும்பச் செலவில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அது என்று ஏற்று, அவர் பக்கமே 2021ல் தீர்ப்பாயிற்று. சிறுவாடு என்ற சொல் அத்தீர்ப்பில் இராது; பொருள் அதுவே.

எம் அன்னையார் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, தம் பெயரில் முதன்முதலாகக் கணக்குத் தொடங்கி, நாற்பத்தாறு நோட்டுகளையும் கட்டிவிட்டு வந்தார். பாஸ் புத்தகத்தைப் பீரோவில் வைக்கிறோம் என்றோம். கொடுக்கவில்லை. அதே புடைவைத் துணியில் சுற்றி, மெத்தையின் அதே மூலையில் வைத்துக்கொண்டார்.