நடுக்கடலில் இஞ்சின் நின்றால்... சின்ன மீன்பிடி படகுக்கு பேக்கப் மோட்டார் தேர்வு செய்வது எப்படி?

கேரளா, தமிழ்நாடு கடற்கரைகளில் பெரும்பாலான ஃபைபர் படகுகள் ஒரே ஒரு இஞ்சினை நம்பித்தான் கடலுக்குப் போகின்றன. கரையிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி அது நின்றுவிட்டால்? கிழக்குக் கரையில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் படகு கரையை விட்டு வெளியேதான் தள்ளப்படும். மணிக்கு 2 கிலோமீட்டர் நகர்ந்தாலே 12 மணி நேரத்தில் 24 கிலோமீட்டர். ராமேஸ்வரம் பகுதி என்றால் எல்லை தாண்டிய பிரச்னையும் சேர்ந்துகொள்ளும். 28 அடி படகைக் காற்றுக்கு எதிராகத் துடுப்பு போட்டுக் கரை சேர்ப்பது நடக்காத காரியம்.

ஊரில் அப்பாவோ சித்தப்பாவோ படகு வைத்திருக்கிறார், நீங்கள் பணம் அனுப்பி ஒரு ஸ்பேர் மோட்டார் வாங்கித் தர நினைக்கிறீர்கள் என்றால், 'எத்தனை ஹெச்பி?' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

முதல் கேள்வி: மெயின் இஞ்சின் ஏன் நிற்கும்?

பெரும்பாலும் காரணங்கள் இவைதான்: எரிபொருளில் தண்ணீர் அல்லது அழுக்கு, கார்புரேட்டர் அடைப்பு, ஸ்பார்க் பிளக்கில் கரி, பேட்டரி இறங்கிப்போவது, ப்ரொப்பல்லரில் வலை சுற்றுவது. அதே காரணம் பேக்கப் மோட்டாரையும் நிறுத்தக் கூடாது. ஒரே டேங்கிலிருந்து இரண்டு மோட்டாருக்கும் எரிபொருள் போனால், உங்களிடம் இருப்பது உண்மையில் ஒரு மோட்டார்தான்.

அதனால் தனி டேங்க், தனி ஹோஸ், தனி ஃபில்டர் கட்டாயம். செல்ஃப் ஸ்டார்ட் இருந்தாலும் பரவாயில்லை, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வசதி இருக்க வேண்டும். ப்ரொப்பல்லர் தேவைப்படும்வரை தண்ணீருக்கு மேலே தூக்கியே இருக்கட்டும், வலை சுற்றாது.

எத்தனை ஹெச்பி போதும்?

பேக்கப் மோட்டாரின் வேலை வேகமாகப் போவது இல்லைங்க, வீடு சேர்ப்பது. 28 அடி படகு, வலை, ஐஸ், மீன், ஆட்கள் எல்லாம் சேர்த்து சுமார் 2 முதல் 3 டன் வரும் என்று வைத்துக்கொள்வோம். மெதுவான வேகத்துக்கு ஒரு டன்னுக்கு 3 முதல் 4 ஹெச்பி என்பது தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 8 முதல் 10 ஹெச்பி. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் 9.9 ஹெச்பி வகை இதற்குப் பொருந்தும். எடையும் சுமார் 40 கிலோதான், இரண்டு பேர் தூக்கி மாட்டிவிடலாம்.

5 நாட் வேகம் என்றால் மணிக்கு சுமார் 9 கிலோமீட்டர். 20 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எதிர்க்காற்று இருந்தால் மூன்று மணி நேரம் தாண்டும். 9.9 ஹெச்பி மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு சுமார் 4 முதல் 5 லிட்டர் குடிக்கும். ஆக, 15 லிட்டராவது தனியாக இருக்க வேண்டும்.

பெட்ரோலா, மண்ணெண்ணெயா, எலெக்ட்ரிக்கா?

மண்ணெண்ணெய் இஞ்சினை முதலில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்துதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அவசரத்தில் அந்த வேலை வேண்டாம், பேக்கப்புக்கு பெட்ரோல் மோட்டாரே நல்லது. மெயின் டேங்கின் எரிபொருள் கெட்டிருந்தாலும் இது ஓடும்.

ஒரு எச்சரிக்கை: இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் வைத்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிவிடும். சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டூ-ஸ்ட்ரோக் என்றால் கையேட்டில் சொன்ன விகிதத்தில் ஆயில் கலக்க வேண்டும். 50:1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி.

எலெக்ட்ரிக் மோட்டார் காயலுக்கும் ஏரிக்கும் சரி. கடலுக்குக் கணக்கு இடிக்கிறது. 2 கிலோவாட் மோட்டார் 3 மணி நேரம் ஓட 6 யூனிட் வேண்டும். 12 வோல்ட், 100 ஏஎச் பேட்டரியில் முழுசாக இருப்பதே 1.2 யூனிட். அதாவது ஐந்து பேட்டரி. அதிலும் லெட்-ஆசிட் என்றால் பாதியைத்தான் பயன்படுத்த முடியும்.

ஷாஃப்ட் நீளத்தை அளந்தீர்களா?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 15 அங்குலம் ஷார்ட், 20 அங்குலம் லாங். பேக்கப்பை ஓரமாக மாட்டுவதால், படகு சாயும்போது ஷார்ட் ஷாஃப்ட் ப்ரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்து சும்மா சுற்றும். மோட்டார் மாட்டும் பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிமட்டம் வரை அளந்துவிட்டு வாங்குங்கள். ப்ரொப்பல்லர் 'பிட்ச்' குறைவாக இருந்தால் கனமான படகைத் தள்ளும் விசை கூடும்.

வாங்கிய பிறகு

வாரம் ஒருமுறை, கரை நெருங்கும்போது பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஸ்பேர் பிளக், ஸ்டார்ட்டர் கயிறு, ஸ்பேனர் ஆகியவற்றை தண்ணீர் புகாத டப்பாவில் படகிலேயே வையுங்கள். மானியம் உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பேக்கப்பும் கைவிட்டால்? நங்கூரம் போட்டு, படகு இழுபடுவதைக் குறையுங்கள். இஸ்ரோ உருவாக்கிய டிஏடி அபாய அழைப்புக் கருவி இருந்தால் அழுத்துங்கள். போன் சிக்னல் கிடைத்தால் இந்திய கடலோரக் காவல்படையின் எண் 1554. இந்த எண் படகில் போகும் எல்லோருடைய போனிலும் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.