வால்பாறைத் தேயிலைப் பறிப்புக் கருவிகள்

கோவை மாவட்டத்தின் ஆனைமலைப் பகுதியில், பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடையும் வால்பாறையில், தேயிலைக் கொழுந்தெடுக்கக் கை, கத்தரி, எஞ்சின் மூன்றும் இன்று ஒருசேரப் புழங்குகின்றன.

கைப்பறிப்பில் கருவி என்று எதுவும் கிடையாது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, விட்டுவைக்க வேண்டிய இளந்தளிர் எது என்று பார்த்த மாத்திரத்தில் விரல் முடிவு செய்யும். பெரும்பாலும் பெண்களிடமே இருந்து வந்த இந்தத் தேர்ச்சிக்கு அதற்குரிய மதிப்பைத் தோட்டங்கள் ஒருநாளும் கொடுத்ததில்லை. தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போக, ஆள் பற்றாக்குறையால்தான் கத்தரி பரவியது; ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாக்காரர்கள் வந்தும் அந்தப் பற்றாக்குறை தீரவில்லை.

கத்தரியின் ஓர் அலகோடு தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். வெட்டிய இலை அதில் விழ, அப்படியே தோளுக்குப் பின்னால் பைக்குள் வீசுவார்கள். அலகுக்கு அடியில் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு சிறு முட்டு உண்டு. செடியின் மேல்மட்டத்தில் அது ஊன்றி நிற்பதால், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் புதிய இலை செடியிலேயே தங்கும். முட்டு இல்லாவிட்டால் செடி மொட்டையாகி நலிந்துவிடும். இந்தத் தொழிலின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு இந்த முட்டுதான் என்று தயங்காமல் சொல்லலாம். அலகு மழுங்கினால் அரம் போதும்.

எஞ்சின் வைத்த அறுவடைக் கருவிகளில் ஒருவர் பிடிப்பதும் உண்டு, வரிசையின் இருபுறமும் இருவர் பிடித்து நடப்பதும் உண்டு. இப்போது பேட்டரியில் ஓடுபவையும் வந்துவிட்டன. வேகம் கத்தரியைவிடப் பல மடங்கு. ஆனால் அலகுக்குக் கொழுந்தும் முற்றிய இலையும் ஒன்றே. செடிகள் ஒரே மட்டத்தில் துளிர்த்தால்தான் தரமான இலை கிடைக்கும். விதையிலிருந்து வளர்ந்த பழைய செடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் துளிர்ப்பவை. வெட்டுக்குச்சியில் பெருக்கிய, உபாசி என்ற தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கத்தின் ரகங்கள் நட்ட இடத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஜப்பானின் சமதளத் தோட்டங்களில் ஆள் ஏறி ஓட்டும் அறுவடை வண்டிகளே உண்டு. வால்பாறைச் சரிவில் அவற்றுக்கு இடமில்லை.

பறிப்புக்குப் பிறகு வருவது டிராக்டர். அதற்கு இங்கே உழவு வேலை கிடையாது. எடை போட்ட இலையை டிரெய்லரில் ஃபாக்டரிக்குக் கொண்டுசேர்ப்பதே அதன் பணி. சாக்கில் அடைபட்டுத் தாமதித்தால் இலை சூடேறிச் சிவந்துவிடும் என்பதால், வழியில் வண்டி நிற்பது பெரிய நட்டம். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் கடுமையான புகை விதி வந்த பிறகு, அந்த வகையில் கணினி கட்டுப்படுத்தும் டீசல் பம்புகள் வந்துவிட்டன. அவற்றில் கோளாறு கண்டுபிடிக்கவே கம்பெனிக் கருவி வேண்டும். இழுவைக்குப் போதுமான சிறிய வண்டிகளில் பழைய பாணிப் பம்பு இன்னும் நீடிக்கிறது. அதை எஸ்டேட் ஒர்க்‌ஷாப் ஃபிட்டரே கழற்றிப் பார்க்கலாம்; மழைக்காலத்தில் பொள்ளாச்சியிலிருந்து மெக்கானிக் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.